பலித்த வாக்கும் பலியாத வாக்கும்

ரேணிகுண்டா சந்திப்பில் வண்டிக்குக் காத்திருப்பவர் எவராயினும் அவர் கேட்கும் கேள்விகள் இரண்டே. வண்டி எப்போது வரும்? எந்த மேடைக்கு வரும்? கூடூர், குந்தக்கல், அரக்கோணம், திருப்பதி என நான்கு திசைப் பாதைகள் கூடுமிடம் ஆதலால் இக்கேள்விகளுக்கு விடை சொல்வது எளிதன்று. ஒலிபெருக்கி ஒன்று சொல்லும். வண்டி வேறொன்று செய்யும். ஆயினும் ரயில்வேயிடம் ஒரு நேர்மை உண்டு. வண்டி வரவேண்டிய நேரம் ஒரு கட்டத்திலும், வந்த நேரம் அடுத்த கட்டத்திலும் எழுதப்படும். தாமதத்தை எழுதக் கூசிய நிலையத்தை நாங்கள் கண்டதில்லை.

நாங்கள் என்றால் இருவர், அண்ணனும் தங்கையும். எங்கள் தந்தையார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1972இல் ரயில்வே எழுத்தராக இவ்வூருக்கு வந்தார். 2004இல் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டம் போட்ட பதிவேடுகளோடே வாழ்ந்தார். 2019இல் அவர் மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பழைய ஊதியச் சீட்டுகள், எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கு அடியில் நீண்ட நோட்டு ஒன்று இருந்தது. அதிலும் ஐந்து கட்டங்கள். நாள், சொன்னவர், சொன்ன வாக்கு, கெடு, நடந்தது.

குறி சொன்னவர்கள், அருள்வாக்குச் சொன்னவர்கள், கிளி சோதிடர், குடுகுடுப்பைக்காரர் என எங்கள் வீட்டுக்கு நேர்ந்த வாக்குகளை எல்லாம் வண்டிகளைப் பதிந்ததுபோலவே தந்தையார் பதிந்து வைத்திருந்தார். 1983 முதல் 1992 வரை மொத்தம் 26 வாக்குகள். அந்த நோட்டைப் பற்றியும், அதில் நிரப்பப்படாமல் விடப்பட்ட ஒரு கட்டத்தைப் பற்றியும் எழுதவே இக்கட்டுரை.

பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு தனிமை உண்டு என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் அறிவர். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் ரேணிகுண்டா 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இம்மாவட்டத்துத் தெலுங்கில் தமிழும் கலந்திருப்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எழுப்புவதற்குப் பாட்டி இல்லை. மாற்றல் வரும் என்று வதந்தி எழுந்தால் யோசனை கேட்கப் பெரியப்பா இல்லை. அத்தகைய வேளையில், "அஞ்சாதே, இது இன்ன நாளில் தீரும்" என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர் உறவினரைவிட நெருக்கமானவர் ஆகிவிடுகிறார்.

எங்கள் தாயாருக்கு அப்படி வாய்த்தவர், காளத்தி செல்லும் சாலையில் ஒரு புளியந்தோப்பின் ஓரத்தில் வாழ்ந்த அம்மையார். எல்லோரும் அவரைச் சாமி அம்மா என்றே அழைத்தனர். செவ்வாயும் வெள்ளியும் வாக்குச் சொல்வார். வேப்பிலையால் தடவுவார், நெற்றியில் திருநீறு இடுவார், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக் கண்ணை மூடினால் சிறிது நேரத்தில் பேச்சு வரும். கட்டணம் கிடையாது. வெற்றிலை பாக்கோடு ஒன்றேகால் ரூபாய் வைத்தால் போதும், வைக்காவிட்டாலும் கேட்கமாட்டார். ஏமாற்றிப் பொருள் சேர்த்தவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுதல் நியாயம்.

அவருடைய புகழ் எங்கள் வீட்டில் ஓங்கியதற்கு 1984ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காரணம். அப்போது தந்தையாரைக் கடப்பைக்கு அப்பால் ஓர் ஊருக்கு மாற்றியிருந்தார்கள். தாயாரும் அத்தையும் இரு குழந்தைகளோடு இங்கே தங்கியிருந்தனர். "தீபாவளிக்குள் உன் புருஷன் வீட்டுக்கு வருவான்" என்று சாமி அம்மா சொன்னார். புரட்டாசி மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரேனும் அக்கதையைக் கேளாமல் திரும்பியதில்லை. நாங்களும் பள்ளியில் அதைச் சொல்லிப் பெருமை கொண்டிருக்கிறோம்.

நோட்டில் அந்த வாக்கு மூன்றாவது வரி. நடந்தது என்னும் கட்டத்தில் "பலித்தது" என்று எழுதி, அதன் கீழே சிறிய எழுத்தில் தந்தையார் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: "விண்ணப்பம் சித்திரையில் கொடுத்தது. என்னோடு விண்ணப்பித்த நால்வரில் மூவருக்கு ஆவணிக்குள் வந்துவிட்டது." அலுவலகத்தில் காலம் கழித்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். சித்திரையில் விதைத்தது தீபாவளிக்குள் முளைக்கும் என்று சொல்லப் பெரிய அருள் வேண்டுவதில்லை. ஆயினும் தந்தையார் அக்குறிப்பைத் தாயாரிடம் காட்டியதாகத் தெரியவில்லை.

ஏனைய வரிகளையும் பார்ப்போம். காணாமற்போன பசு கிழக்கே இருப்பதாக வாக்கு. மேற்கே, கரகம்பாடி சாலையில் அகப்பட்டது. அண்டை வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பில் தேறுவான் என்று வாக்கு, தேறினான். தங்கை பிறக்குமுன் ஆண் குழந்தை என்று வாக்கு; பிறந்தவள் இக்கட்டுரையில் பாதிப் பங்குடையவள். குழந்தையின் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கும், இறங்கியது. தாத்தாவின் நிலவழக்கு அவ்வாண்டே தீரும். அவர் காலத்திலும் தீரவில்லை. "வீட்டில் ஒரு மனக்குறை நேர்ந்து விலகும்" என்று ஒன்று. எந்த வீட்டில் அது நேர்ந்து விலகாது?

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். பலித்தவை 10. பலியாதவை 11. இப்படியும் கொள்ளலாம், அப்படியும் கொள்ளலாம் என்னும்படி நின்றவை 4. பலித்த பத்திலும் நான்கு, ஆணா பெண்ணா, தேறுவானா தவறுவானா என்னும் இருகிளைக் கேள்விகளுக்குச் சொன்னவை. அத்தகைய கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னாலும் ஏறத்தாழப் பாதி சரியாகும். வியப்பு என்னவென்றால், பலித்த பத்தும் எங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். பலியாத பதினொன்றில் பசுவைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. ஒரே வீட்டில், ஒரே காதால் கேட்டவைதாமே அவை?

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் அன்று. பி.ஏ. வகுப்பில் படித்த சங்கப் பாடல்களை எண்ணிப் பார்க்கிறோம். அகப்பாடல்களில் தலைவி காதலால் மெலிகிறாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுப் பார்த்து, இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான். களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாட்டு நிகழ்த்துகின்றனர். உண்மையான நோய் மலைநாட்டுத் தலைவன் என்பது தலைவிக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும். இவ்வெறியாட்டைப் பாடிய சிறப்பாலேயே ஒரு புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் நிலைத்தது. நோய் ஒன்று, சொல்லப்பட்ட காரணம் வேறொன்று என்பதைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடி வைத்திருக்கின்றனர்.

அதே சங்க இலக்கியத்தில் பலித்த வாக்கும் உண்டு. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், தலைவன் போர்மேற் சென்றிருக்க, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். ஆய்மகள் ஒருத்தி தாய்ப்பசுவைப் பிரிந்து வருந்தும் கன்றைத் தேற்றுகிறாள். தாய் விரைவில் வந்துவிடும் என்கிறாள். அச்சொல்லையே தலைவிக்கு நற்குறியாகக் கொண்டுவந்து சொல்கின்றனர். பாட்டின் முடிவில் தலைவன் வெற்றியோடு திரும்புகிறான். விரிச்சி பலித்தது. ஆனால் அன்று அவ்வூர்ப்புறத்தில் எத்தனையோ பேச்சுகள் காதில் விழுந்திருக்கும். ஆறுதலான சொல் ஒன்றைத் தேடிச் சென்றவர்களின் காது அதைத் தேர்ந்துகொண்டது. போருக்குச் சென்று திரும்பாதவர்களின் வீட்டாரும் விரிச்சி கேட்டிருப்பர். அவ்வீடுகளை அந்தப் பாட்டு பாடவில்லை.

ரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் கேட்டிருக்கக்கூடிய பழங்கதை ஒன்று உண்டு. கூடூரிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் போலிரெட்டிபாளையம் என்று ஒரு சிறு நிலையம் இருக்கிறது. போலி என்பதற்கு இங்கே தமிழ்ப் பொருள் கொள்ள வேண்டா. அது ஆள் பெயர். சுதந்திரத்துக்கு முற்பட்ட காலத்தில் அந்நிலையத்து அதிகாரி ஒருவர் பாம்புக் கடிக்கு மந்திரிப்பதில் பெரும்புகழ் பெற்றிருந்தார் என்பார்கள். கடியுண்டவர் நேரே செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள நிலையத்திலிருந்து தந்தி அடித்தால் போதும். அவர் இருந்த இடத்திலிருந்தே விஷத்தை இறக்கிவிடுவார் என்று தாத்தா தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கம்பி வழியே மந்திரம் ஓடியதென்று நாங்கள் சிறுவயதில் நம்பினோம். தந்திக் கம்பத்தில் காதை வைத்து, இரைச்சல் கேட்டால் "யாரையோ பாம்பு கடித்திருக்கிறது" என்று சொல்லிக்கொள்வோம். தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது, கதை நிற்கவில்லை.

அந்தத் தந்திகளால் பிழைத்தவர்கள் உண்டா? உண்டு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள நாகமும் விரியனும்கூடச் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் வெறும் பல்லைப் பதித்துவிட்டுப் போவதுண்டு. அத்தகைய கடியுண்டவர் தந்தி அடித்தாலும் பிழைப்பார், அடிக்காவிட்டாலும் பிழைப்பார். அச்சத்தால் மயங்கிக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தால் ஊரே பார்க்கும். நஞ்சு ஏறியவரோ நன்றி சொல்லத் தந்தி நிலையத்துக்குத் திரும்பி வருவதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பேர். மருத்துவமனையில் தரப்படும் நச்சுமுறிவு மருந்துக்கு உரிய நேரத்தில் செல்லாமையே இவற்றுட் பலவற்றுக்குக் காரணம். இத்தனை பேருடைய வீட்டிலும் மந்திரித்த கதை ஒன்று இருந்திருக்கக்கூடும். பிழைத்தவன் கதை சொல்கிறான். இறந்தவனின் கதையைச் சொல்ல ஆளில்லை. கணக்கு ஒருபக்கமாகவே ஏறுகிறது.

படித்தவர் மலிந்த நாடுகளில் இப்படி இராது என்று எண்ணினால் அதுவும் பிழை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1877இல் பிறந்த எட்கர் கேசி என்பவர், உறக்கம் போன்ற நிலையில் படுத்துக்கொண்டு நோயாளிகளின் நோயையும் மருந்தையும் சொல்வார். நோயாளி நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தாலும் சொல்வார். குணமடைந்ததாக நன்றிக் கடிதம் எழுதியவர் பலர். எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு அவர் கதையில் பெருமைக்குரிய இடம் ஒன்று உண்டு. 1923 முதல் கிளாடிஸ் டேவிஸ் என்னும் பெண்மணி அருகில் அமர்ந்து அவர் சொன்னவற்றைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து வைத்தார். 14,000க்கு மேற்பட்ட வாக்குகள் அவ்வாறு காக்கப்பட்டிருக்கின்றன.

எழுதி வைத்ததால்தான் சரிபார்க்கவும் முடிகிறது. கடலில் மூழ்கியதாகக் கதையில் வரும் அட்லாண்டிஸ் நிலத்தின் ஒரு பகுதி 1968, 1969ஆம் ஆண்டுகளில் மீண்டும் எழும் என்று அவர் 1940இல் சொன்னார். அவ்வாண்டுகள் வந்தன; நிலம் எழவில்லை. 1968இல் பகாமாத் தீவுகளில் பிமினி என்னும் இடத்தருகே கடலடியில் வரிசையாகக் கற்கள் தென்பட்டன. இதோ பலித்தது என்று அன்பர்கள் மகிழ்ந்தனர். அவை கடற்கரைப் பாறை இயற்கையாகப் பிளந்தவை என்று நிலவியலார் கண்டனர். வாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. அன்பர்கள்தாம் அதை நோக்கிக் கற்களை நகர்த்தினார்கள்.

அந்நாட்டிலேயே ஜீன் டிக்சன் என்னும் அம்மையார், 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரர் வெல்வார் என்றும் அவர் பதவியில் இருக்கையிலேயே இறப்பார் அல்லது கொல்லப்படுவார் என்றும் 1956இல் ஓர் இதழில் சொல்லியிருந்தார். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டபின் அவர் புகழ் உலகெங்கும் பரவியது. சந்திரனில் முதலில் இறங்குபவர் சோவியத் நாட்டவர் என்று அவர் சொன்னதும் உண்டு; அதை எடுத்துச் சொல்வார் இல்லை. பலித்த சிலவற்றைப் பறைசாற்றிப் பலியாத பலவற்றை மறக்கும் இவ்வழக்கத்துக்கு ஜான் ஆலன் பாலோஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவ்வம்மையாரின் பெயரையே இட்டிருக்கிறார்.

நம் நாட்டிலும் 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று அஞ்சி ஊர்தோறும் வேள்விகள் நடந்தன. ஆறாம் தேதியும் விடிந்தது. வாக்கு பொய்த்தது என்று எவரும் சொல்லவில்லை. வேள்வி காத்தது என்றனர். அழிந்திருந்தால் கிரகத்தின் வலிமை. அழியாததால் வேள்வியின் வலிமை. எப்பக்கம் விழுந்தாலும் தோற்காத ஆட்டத்தில் வெற்றிக்கு என்ன மதிப்பு?

விஞ்ஞானி ஜயந்த் நார்லிகரும் அவர் குழுவினரும் 2008இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினர். கூர்த்த அறிவுடைய மாணவர் 100 பேர், மனவளர்ச்சி குன்றியோர் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகம் கொடுத்து, இன்னார் எவ்வகையினர் என்று பிரிக்கச் சொன்னார்கள். விடையனுப்பியவர் 27 பேர். காசைச் சுண்டிப் போட்டுப் பிரித்தாலே 20 சரியாக வரும். அவர்களுள் மிகச் சிறந்தவர் பெற்றது 24. ஒரு சோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் பார்த்து 102க்குச் சரியான விடை தந்தது. எங்கள் தந்தையார் நோட்டில் 25க்குப் பத்து என்று கண்டபோது இந்த எண்கள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. மேதை நடத்தினாலும் எழுத்தர் நடத்தினாலும் கட்டம் போட்டு எழுதினால் ஏறக்குறைய ஒரே விடைதான் வருகிறது.

இவ்வளவும் எழுதியபின் இருபத்தாறாவது வரிக்கு வருகிறோம்.

நாள்: 1992, ஆடி மாதம், இரண்டாம் வெள்ளி. சொன்னவர்: சாமி அம்மா. வாக்கு: "அக்காவின் வயிற்று வலி பொறாமைக்காரர் வைத்த வைப்பு. தானே இறங்கும்." கெடு: மூன்று பௌர்ணமி. நடந்தது என்னும் கட்டம் வெறுமையாக இருந்தது.

அக்கா என்றது தந்தையாரின் தமக்கை; எங்கள் அத்தை. இளம்வயதில் கணவரை இழந்து தம்பியோடு வந்தவர். எங்களைக் குளிப்பாட்டியதும், தமிழ் எழுத்துகளை அரிசியில் எழுதக் கற்பித்ததும், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றியதும் அவர்தாம். எங்கள் பள்ளியில் தமிழ் கிடையாது. இன்று நாங்கள் இக்கட்டுரையை எழுதுவது அத்தையின் அரிசித் தட்டால் விளைந்தது.

அவ்வாண்டு கோடையிலிருந்தே அத்தைக்கு அடிவயிற்றில் வலி. வேறு அறிகுறிகளும் இருந்தன என்பதை அவர் தாயாரிடம் மட்டும் சொன்னார். திருப்பதிக்குச் சென்று பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று தந்தையார் பலமுறை அழைத்தார். "அந்நியர் முன் படுத்துக் காட்டுவதற்கு நான் வரமாட்டேன், தம்பி" என்று அத்தை மறுத்தார். அப்போதுதான் சாமி அம்மாவிடம் போனார்கள். மூன்று பௌர்ணமி என்று வாக்கு வந்தது. அத்தையின் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை நாங்கள் மறக்கவில்லை. அவர் எதைக் கேட்க விரும்பினாரோ அதையே கேட்டுவிட்டார். முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் போல நாங்கள் எல்லோரும் அந்த நற்சொல்லைக் கையிலேந்திக்கொண்டு வீடு திரும்பினோம்.

திருநீறு பூசிய முதல் மாதம் வலி குறைந்தது. வலி ஏறுவதும் இறங்குவதும் இயல்பு என்று இப்போது தெரிகிறது. அன்று அது பலிப்பதாகவே தோன்றியது. இரண்டாம் பௌர்ணமிக்குள் அத்தை இளைத்துவிட்டார். மூன்றாவது, புரட்டாசிப் பௌர்ணமி. அன்றிரவு அவர் பின்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தங்கைதான் முதலில் கண்டாள்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள், அங்கிருந்து வேலூருக்கு. கருப்பைவாய்ப் புற்று. தொடக்கத்தில் கண்டால் குணமாக்கத் தக்க நோய்களுள் ஒன்று அது. "இந்த மூன்று மாதத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இந்த மூன்று மாதம் நம் கையில் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்" என்று மருத்துவர் மெல்லச் சொன்னாராம். 1993 வைகாசியில் அத்தை மறைந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமி அம்மா வந்தார். எவரும் அழைக்கவில்லை. திண்ணையில் ஏறாமல் வாசற்படியிலேயே அமர்ந்தார். தந்தையார் வெளியே வந்ததும் தெலுங்கில் சொன்னார்: "அண்ணையா, என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது பொய்யாய்ப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும்." தந்தையார் ஒன்றும் பேசவில்லை. தாயார் விரைந்து வந்து, "அப்படிச் சொல்லாதே அம்மா. விதி முடிந்தது. நீ என்ன செய்வாய்?" என்று அவர் கண்ணீரைத் துடைத்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அக்காட்சியை எண்ணும்போதுதான் ஓர் உண்மை புலனாகிறது. தவறு என்று ஒப்புக்கொண்டவர் வாக்குச் சொன்னவர். அதை ஏற்க மறுத்தவர்கள் கேட்ட நாங்கள். அதன் பின்னரும் எங்கள் வீட்டில் தீபாவளி மாற்றல் கதை சொல்லப்பட்டது. மூன்று பௌர்ணமிக் கதை ஒருமுறையும் சொல்லப்படவில்லை. குறி சொல்பவர்கள் தம் தவறுகளை மறைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுவது எளிது. மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோரைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் விளம்பரமே செய்யாத ஒருவரின் புகழை வீடு வீடாகச் சுமந்து சென்று, அவர் தவறுகளை நம் வீட்டுப் பரணில் ஒளித்து வைக்கும் வேலையை நாமே அன்றோ செய்கிறோம்? அதற்கு எந்தச் சட்டம் உதவும்?

தந்தையார் ஏன் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை? நாங்கள் நெடுநேரம் பேசினோம். ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர். இருபத்தைந்து வரிகளுக்குப் பின் வாக்கின் மதிப்பு அவருக்குத் தெரியாதிருக்க முடியாது. தெரிந்தும் மூன்று பௌர்ணமி காத்திருந்தார். அக்காவின் நாணத்துக்கு இடங்கொடுத்தார். மனைவியின் நம்பிக்கைக்கு இடங்கொடுத்தார். ஒருவேளை தாமும் சிறிது நம்பினார். "பலிக்கவில்லை" என்று அங்கே எழுதினால் அது சாமி அம்மாவின் பிழைக்கு எதிரான பதிவாக மட்டும் நிற்காது; தம் பிழைக்குத் தாமே இட்ட கையெழுத்தாகவும் ஆகிவிடும். அதனால்தான் பேனா நின்றிருக்க வேண்டும். அதற்குப் பின் அந்நோட்டில் ஒரு வரியும் இல்லை.

குறி கேட்பதே கூடாது என்று நாங்கள் கூற வரவில்லை. துன்பத்தில் இருப்பவருக்கு ஒரு கை நெற்றியில் பட்டாலே பாதி ஆறுதல் கிடைக்கும் என்பதை அறிவோம். அந்த ஆறுதலைத் தருவோரை எள்ளி நகையாடவும் மனம் வரவில்லை. அன்பர்களிடம் வேண்டுவது இரண்டே. உடம்பில் நோய் என்றால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். திருநீறு அதன் பின்னும் கிடைக்கும். வாக்குக் கேட்டால் அன்றே எழுதி வையுங்கள். கெடு முடிந்த நாளில் அடுத்த கட்டத்தையும் தவறாமல் நிரப்புங்கள். குறிப்பாக நம் வீட்டுப் பெண்கள் சொல்லக் கூசும் நோய்களுக்குப் பௌர்ணமிக் கெடு வைக்க எவருக்கும் இடங்கொடாதீர்கள். உறவினர் அருகில் இல்லாத ஊரில் அவர்களை அழைத்துச் செல்ல நம்மையன்றி வேறு எவர் இருக்கிறார்?

சென்ற தை மாதம் தங்கை ரேணிகுண்டாவுக்கு வந்திருந்தாள். தாயாருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். நோட்டை அவர் முன் வைத்து, கடைசி வரியைப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எழுதிவிடுங்கள். அண்ணிக்கு அது தெரிய வேண்டும்" என்றார். தங்கை பேனாவை எடுத்தாள். அத்தை அரிசித் தட்டில் கற்றுக்கொடுத்த அதே வளைந்த எழுத்தில், வெறுமையாய் இருந்த கட்டத்தில் "பலிக்கவில்லை" என்று எழுதி, அத்தை மறைந்த தேதியையும் குறித்தாள்.